அப்பா கேட்டால் சொல்லலாமா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நூலக, தகவல் அறிவியல் முதுகலை மாணவர்களுக்குத் தகவல் அறவியல் நடத்துகிறேன். நெறிமுறைகளை வாசித்தால் தூங்குகிறார்கள். தேர்வில் மட்டும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். எப்படித்தான் நடத்துவது?

பதில்: தூங்கத்தான் செய்வார்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் நெறிமுறை 1939-இல் வந்தது, நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லாவுடையது 2012-இல். இரண்டும் சில வாரங்கள் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் ஒரு சிக்கலை மட்டும் சொல்லுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அப்பா வந்து நூலக மேசை முன் நிற்கிறார். நூலகருக்கு ஒரே ஊர், தெரிந்தவர். "என் மகள் என்ன புத்தகம் எடுத்திருக்கிறாள்?" மகளுக்கு வயது 20. 'அப்பாதானே, சொல்லிவிடலாம்' என்று பாதி வகுப்பு சொல்லும். மறுக்காதீர்கள். அவள் எடுத்தது போட்டித் தேர்வு நூல் என்றால்? கருத்தடை பற்றிய நூல் என்றால்? நூலுக்கு நூல் விடை மாறினால், அவர்கள் காப்பது அவளது உரிமையை அல்ல. அவளது வாசிப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அப்போது எடுங்கள், உறைக்கும்.

அடுத்தது இந்த மாவட்டத்துக்கே உரியது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். காணாமல்போன மீனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் கடலோர ஊர்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அன்று ஊர்ப் பட்டியல் உங்கள் மாணவர் கையில் இருந்திருந்தால்? வெளியிட்டால் தேடுதலுக்கு உதவும். வீட்டுத் தொலைபேசி எண்ணும் சேர்ந்து பரவினால் ஏமாற்றுக்காரனுக்கும் உதவும். கரை திரும்பியவர் பெயரை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்குவது யார்? இங்கே இரண்டு நல்ல விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டு வகுப்புகளாவது கொடுங்கள். கடலோரக் குடும்பத்துப் பிள்ளைகள் எதிரே இருக்கக்கூடும். அவர்கள் வீட்டு இழப்பைப் பாடப்பொருளாக்கிக் கேட்காதீர்கள்.

பதிப்புரிமைக்கு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்லும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவோடு, ஒரு மணி நேரம் போதும். ஜெராக்ஸ் கடையை அவர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள்.

தேர்வில் 'விளக்குக' வேண்டாம். புதிய சிக்கல் ஒன்றைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: என்ன முடிவு, அதனால் யாருக்கு நட்டம், எதிர்த்தரப்பு என்ன சொல்லும். முடிவுக்கு அல்ல, காரணத்துக்கு மதிப்பெண்.

இன்னொன்று. உங்கள் துறைக் கதவில் பெயரோடு மதிப்பெண் பட்டியல் ஒட்டியிருக்கிறதா? முதல் வகுப்புக்கு முன் அதைக் கிழித்துவிடுங்கள். மாணவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படும்.