ஹோட்டலில் நீராவிக் குளியல், மசாஜ்: பி.பி., சர்க்கரை உள்ளவர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. ஆறு வருடமாக பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. அம்லோடிபின், டெல்மிசார்ட்டான், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். கொஞ்ச நாளாக உள்ளங்கால் மரத்த மாதிரி இருக்கிறது. அடுத்த மாதம் ஐந்து நாள் பாங்காக் போகிறேன். தங்கும் ஹோட்டலில் காலை யோகா, நீராவிக் குளியல், ஜக்குஸி (வெந்நீர் சுழலும் தொட்டி), ஒன்றரை மணி நேர தாய் மசாஜ் எல்லாம் அறை வாடகையிலேயே சேர்த்தி. செய்துகொள்ளலாமா? பி.பி. குறையுமா? போன தடவை இரவு பஸ்ஸில் சென்னை போய் விமானம் ஏறினேன். இறங்கும்போது இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதற்கும் மசாஜ் நல்லதுதானே?

பதில்: போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கெண்டைக்காலில் இருந்தே தொடங்குகிறேன். எனக்குக் கவலை அதில்தான்.

பஸ், கார், ரயில், விமானம் எதுவானாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தே போனால், காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது. நீங்கள் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்துவிட்டு, அப்புறம் மூன்றரை மணி நேரம் விமானத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு கணுக்காலிலும் வரும், வலிக்காது. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, தொட்டால் சூடு என்றால் ரத்த உறைவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட காலை யாரும் அமுக்கிவிடக் கூடாது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு வந்தது வெறும் தசைவலியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் கிளம்பும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் சிரைகளில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுவார். இந்த முறை கோவையிலிருந்தே விமானத்தில் போக முடியுமா என்றும் பாருங்கள்.

சரி, நீராவிக்கு வருவோம். சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து பி.பி. இறங்கும். அம்லோடிபினும் ரத்தக் குழாயை விரித்துத்தான் பி.பி.யைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என்னிடம் வரும் ஒருவரிடம் பார்த்தேன். வெளியூரில் ஒரு ஹோட்டலில் காலை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நீராவி அறையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டென்று எழுந்திருக்கிறார், அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். டைல்ஸ் தரையில் விழுந்ததில் இடது புருவத்துக்கு மேல் ஏழு தையல். உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை. சத்தம் கேட்டுத் துண்டு மடிக்கும் பையன் ஓடி வந்திருக்கிறான்.

அதனால் போய்ச் சேர்ந்த அன்று நீராவி வேண்டாம். மறுநாளிலிருந்து, பி.பி. கட்டுக்குள் இருந்தால், எட்டுப் பத்து நிமிடம் போதும். கீழ்ப்படியில் உட்காருங்கள், மேலே போகப் போகச் சூடு அதிகம். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். பீர் குடித்திருந்தால் அன்றைக்கு நீராவி கிடையாது. எழும்போது ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு எழுங்கள். பக்கத்து அறையில் சானா (உலர்ந்த சூட்டு அறை) இருந்தால் அது இன்னும் கடுமை, 80 டிகிரி செல்சியஸையும் தாண்டும். உங்களுக்கு அது வேண்டாம். பி.பி. குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். நீராவியில் குறைவது கொஞ்ச நேரத்துக்குத்தான், அதை நம்பி ஒரு மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள். வியர்வையில் கழிவெல்லாம் போய்விடும் என்பார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

தாய் மசாஜ் நல்ல கலை. யுனெஸ்கோ 2019இல் அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தரையில் மெத்தை விரித்து, தளர்ந்த உடையோடே படுக்க வைத்து, கட்டைவிரலாலும் முழங்கையாலும் அமுக்கி, கை கால்களை இழுத்துவிடுவார்கள். மென்மையாகச் செய்யச் சொல்லுங்கள், இடுப்பும் முதுகும் லேசாகும். மூன்று விஷயம் மட்டும் வேண்டவே வேண்டாம். தொடையிடுக்கில் உள்ளங்கையால் அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று விடும் முறை ஒன்று உண்டு, பி.பி. உள்ளவர்களுக்கு அது கூடாது. கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவதும் கூடாது. மூன்றாவது, மூலிகையைத் துணியில் பந்தாகக் கட்டி, ஆவியில் சூடாக்கி ஒற்றுவது. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. சூடான கல் மசாஜ் செய்துகொண்ட ஒரு அம்மா, மறுநாள் சாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்திருக்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து கிடந்தது. ஆற இரண்டு மாதம் ஆனது. உங்கள் பாதத்தில் சூடான எதையும் வைக்க விடாதீர்கள். ஊர் திரும்பியதும் பாத உணர்வுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

யோகாவுக்குத் தாராளமாகப் போங்கள். ஒன்று கவனிக்கணும். பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே. அங்கே காலை ஆறரை வகுப்பு என்றால் உங்கள் உடம்புக்கு அது ஐந்து மணி. கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஒரு மணி நேரம் ஆசனம் செய்தால் சர்க்கரை இறங்கிவிடும். அந்த மாத்திரையை வகுப்பு முடிந்து, டிபன் சாப்பிட உட்காரும்போது போடுங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சிரசாசனம், சர்வாங்காசனம், கபாலபாதி, மூச்சை நெடுநேரம் அடக்குவது இதெல்லாம் வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த வருடம் கண்ணில் விழித்திரை பரிசோதனை செய்யவில்லை என்றால், கிளம்பும் முன் அதையும் முடித்துவிடுங்கள்.

ஜக்குஸியில் காலில் சின்னக் கீறல் இருந்தாலும் இறங்காதீர்கள். தண்ணீர் கலங்கியிருந்தாலோ, ஓரம் வழுக்கினாலோ, குளோரின் வாடை குப்பென்று அடித்தாலோ வேண்டாம். சுத்தமான தண்ணீரில் வாடை அவ்வளவாக வராது. லீஜியோனெல்லா என்ற கிருமி இப்படிப்பட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும், தெறிக்கும் திவலையை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்குப் போனவர்கள் கொத்தாக நோயுற்றபோதுதான் இந்தக் கிருமி உலகுக்குத் தெரிய வந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், மருத்துவரிடம் "பாங்காக் ஹோட்டலில் ஜக்குஸியில் இறங்கினேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தே மாறும்.