சிஸ்டம் எதுவா இருந்தா என்னங்க, பைல் திறக்கணும்!

கேள்வி: வணக்கம் சார். நம்ம பனியன் கம்பெனி ஆபீஸ்ல விண்டோஸ், டிசைன் பண்ற பொண்ணுகிட்ட மேக், என்ற பையன் லினக்ஸ் போட்டு வெச்சிருக்கான். ஆபீஸ் பென்டிரைவ் மேக்ல திறக்குது, ஆனா திருத்தி அதுலயே திருப்பிப் போட முடியறதில்லீங்க. பழைய லெட்டரெல்லாம் பாமினி பான்ட்ல அடிச்சது, பையன் சிஸ்டத்துல இங்கிலீஷ் எழுத்தா வந்து நிக்குது. பேசாம எல்லாத்துக்கும் விண்டோஸே வாங்கிட்டா தொல்லை விட்டுதுன்னு பாக்கறேன், சரிதானுங்களா?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: வேண்டாமுங்க, காசுதான் போகும்.

பென்டிரைவ் என்டிஎஃப்எஸ்ல, அதாவது விண்டோஸ் பைலை அடுக்கி வெக்கற முறையில, ஃபார்மட் ஆகியிருக்கும், மேக் அதைப் படிக்கும், எழுதாது. உள்ள இருக்கறதை காப்பி எடுத்துட்டு எக்ஸ்ஃபேட்ங்கற இன்னொரு முறையில ஃபார்மட் பண்ணுங்க, மூணுலயும் ஓடும். அதுவும் சும்மா வரலீங்க, 2019ல மைக்ரோசாப்ட் எக்ஸ்ஃபேட்டோட விவரத்தை வெளிய விட்டப்புறந்தான் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே அது சேர்ந்துச்சு.

பாமினி சங்கதி இன்னும் மோசம். நீங்க 'த' அடிச்சா உள்ள சேவ் ஆகறது இங்கிலீஷ் ஜே, பான்ட்தான் அந்த ஜே இருக்கற இடத்துல 'த'வைக் காட்டுது, பான்ட் இல்லாத மெஷின்ல ஜேதான் தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோடுங்கற பொது முறையில 'த'வுக்குன்னே தனி நம்பர் இருக்கு, 1991ல முதல் பதிப்புலயே தமிழ் வந்தாச்சு, தமிழ்நாடு அரசும் 2010ல ஏத்துக்கிச்சு. இத்தனை வருஷத்துக்கப்புறமும் பாமினில அடிச்சு அனுப்பறவங்களைப் பாத்தா எனக்கு நெசமாவே வருத்தமா இருக்குங்க, அந்த எழுத்தைத் தேடவும் முடியாது, போன்ல படிக்கவும் முடியாது. பாமினியை யூனிகோடா மாத்தற கன்வர்ட்டர்ல போட்டு இப்பவே மாத்திருங்க.

நம்ம தோட்டத்து போர்ல மோட்டார் ஒரு கம்பெனி, பைப்பு இன்னொரு கம்பெனி, மரை ஒண்ணா இருக்கறதால மாட்டுது, அதுக்காக எல்லாத்தையும் ஒரே கம்பெனிகிட்ட வாங்கணும்னு யாரும் சொல்றதில்லையே. கம்ப்யூட்டர்லயும் இது முடியும். ஐஇஇஇங்கற இன்ஜினியருங்க சங்கம் 1988லயே போசிக்ஸ்னு ஒரு ஸ்டாண்டர்ட் போட்டுச்சு, யூனிக்ஸ்ங்கற பழைய சிஸ்டத்து வகையில வர்றதெல்லாம் புரோகிராமுக்கு ஒரே மாதிரி பதில் சொல்லணும்னு. மேக் 2007ல யூனிக்ஸ் சர்டிபிகேட்டே வாங்கிருச்சு, லினக்ஸும் பெரும்பாலும் அந்த வழிதான், அதனால சர்வர் பக்கத்து புரோகிராம் நிறைய ரெண்டுலயும் அதிகம் மாத்தாமயே ஓடுது.

லெட்டருக்கு லிப்ரே ஆபீஸ் போடுங்க, மூணு சிஸ்டத்துலயும் இலவசம், சேவ் பண்றது ஓடிஎஃப்ங்கற பொது ஃபார்மட்ல, அது 2006லயே ஐஎஸ்ஓங்கற உலக அமைப்போட ஸ்டாண்டர்ட் ஆயிருச்சு. பார்ட்டிக்கு அனுப்பறது பிடிஎஃப் போதும். கணக்கு சாப்ட்வேர் விக்க வர்ற ஆளுகிட்ட மட்டும், நாளைக்கு வேற சாப்ட்வேருக்குப் போனா நம்ம டேட்டாவை எந்த ஃபார்மட்ல வெளிய எடுத்துக் குடுப்பீங்கன்னு கேளுங்க, எழுதிக் குடுத்தாத்தான் அட்வான்ஸ் குடுங்க.