செல்லம் கொடுத்து வளர்த்தால் பிள்ளை நன்றி கெட்டுப் போகுமா?

"என் பையனுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, கஷ்டமே தெரியாமல் வளர்கிறான், நாளைக்கு நன்றியில்லாதவனாகிவிடுவானோ" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பிள்ளை என்று நினைக்கிறேன். "நாங்கல்லாம் எப்படி வளர்ந்தோம் தெரியுமா" என்று வீட்டில் யாரோ பெரியவர்கள் தினமும் சொல்லிக் காட்டுகிறார்கள் என்றும் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு என்னால் தாண்டிப் போக முடியவில்லை. "சின்ன வயசுல கஷ்டப்பட்டதாலதான் நீ இப்படித் தங்கமா இருக்க" என்று சொந்தக்காரர்கள் 30 வருடமாக என்னிடம் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். மழை இல்லாவிட்டால் வெள்ளாமை இல்லை. ஆனால் அந்தக் காய்ந்த வெயில்தான் தீப்பெட்டித் தொழிலுக்கு வாகு. 1986-இல், எனக்கு 9 வயது, நாலாம் வகுப்புப் பாதியில் என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் அதை ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். அதைக் கழிக்கத்தான் நான் போனேன்.

விடியக்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கும். அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி முகத்தில் தண்ணீரை அடித்து, தூக்குவாளியைக் கையில் கொடுப்பாள். பாதித் தூக்கம் வண்டியில்தான். எனக்கு வேலை கட்டை அடுக்குவது. மரச்சட்டத்தில் வரிசையாகப் பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு ஒரு குச்சி. மருந்தில் முக்கும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது. எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் காசு. நேரான குச்சி கிடைத்தால் கை ஓடும், வளைந்தது வந்தால் கணக்குக் குறையும். அதனால் நல்ல குச்சிகளை முதலில் அள்ளி என் பக்கம் ஒதுக்கிக்கொள்வேன். வளைந்ததை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை பக்கம் தள்ளிவிடுவேன். அவள் என்னைவிடச் சின்னவள். சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது அவள் அழுவாள். நான் பார்க்காத மாதிரி தூக்குவாளியைக் கழுவப் போய்விடுவேன்.

கஷ்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

என் தம்பி என்னைவிட 5 வயது இளையவன். அவன்தான் எங்கள் வீட்டுச் செல்லம். அப்பத்தா இடுப்பை விட்டு அவன் இறங்கி நடந்ததே அஞ்சு வயதில்தான். சாத்தூர் சந்தைக்குப் போனால் அவனுக்கு மட்டும் சேவு, கருப்பட்டி மிட்டாய். ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது அவனுக்கு மட்டும் புதுச்சட்டை. என் காசில் வாங்கியதும் அதில் உண்டு. "இப்படிக் குடுத்தே இவனக் கெடுக்குறீங்க" என்று தெருவே சொல்லும்.

1989-இல் பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தார்கள். அப்போது வாரம் ஐந்து முட்டை எல்லாம் கிடையாது, பதினைந்து நாளைக்கு ஒன்று. நான் ஆபீசில் இருந்தேன், எனக்கு அது கிடையாது. முதல் முட்டை போட்ட அன்று ராத்திரி நான் வண்டியை விட்டு இறங்கி வருகிறேன், தம்பி திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுத்தாள் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே முட்டை. ஓடு நொறுங்கி, ஒரு பக்கம் அமுங்கி, வெள்ளைக்கருவில் அவன் பென்சிலில் எழுதிய எழுத்து லேசாகப் பதிந்திருந்தது.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூன்றே வாயில் விழுங்கினேன். "நீ தின்னியாடா" என்று கேட்கவில்லை. கேட்டால் பங்கு கேட்பானோ என்று பயம். அவன் பின்னால் நின்று "நல்லா இருந்துச்சாக்கா?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உப்பு கொண்டுவந்திருக்கலாம்ல."

அடுத்த பதினைந்தாம் நாள் முட்டையோடு இன்னொரு குட்டிப் பொட்டலம் இருந்தது. உப்பு.

இப்போது சொல்லுங்கள், கஷ்டப்பட்ட நான் குணசாலியா, செல்லமாக வளர்ந்த அவனா? கையில் இருப்பதைக் கொடுத்தால் தனக்கு இல்லாமல் போய்விடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு எப்போதும் யாராவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என் விரலில் மருந்துச் சிவப்பையும் தினமும் பார்த்தான், தன் சட்டை எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். எனக்கோ கிடைத்ததை உடனே விழுங்கினால்தான் மிஞ்சும்.

"ஆம்பளப் பிள்ளைக்கு மட்டும் செல்லம் கொடுத்ததை நியாயப்படுத்துறீங்களா" என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள். இல்லை. அது அநியாயம்தான், இன்றைக்கும் வலிக்கிறது. எனக்கும் அந்தச் செல்லத்தில் பாதி கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இன்னும் சிலர் காமராசரைச் சொல்வார்கள். எங்கள் விருதுநகர்க்காரர், ஆறு வயதில் தகப்பனை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் அவர் முதலமைச்சரானதும் "நான் பட்டேன், பிள்ளைகளும் படட்டும், அப்போதுதான் குணம் வரும்" என்றா சொன்னார்? பள்ளிக்கூடம் திறந்தார், 1956-இல் மத்தியானச் சோறு போட்டார். தான் பட்டதைப் பிள்ளைகள் படக் கூடாது என்று நினைத்தார்.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்ததே நான் ஆபீசுக்குப் போன அதே 1986-இல்தான். ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னபோது 1996 ஆகிவிட்டது. எனக்கு அப்போது 19. அதற்கு முன்பே 13 வயதில் வேலையை விட்டு, ஆபீஸ் பிள்ளைகளுக்கென்று திறந்த சிறப்புப் பள்ளியில் சேர்ந்து, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தேறினேன். அந்தப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு பிறந்த தேதி எழுதினார். ஒன்றரை வருடம் வித்தியாசம். இன்றைக்கு ஆதாரில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி. அதைச் சரிசெய்ய ஓர் அலுவலகத்துக்கு ஆறு முறை அலைந்துவிட்டேன். "நீங்க பொறந்ததுக்கு என்னம்மா ஆதாரம்" என்று ஒரு பையன் கேட்கிறான், என் மகள் வயதுதான் இருக்கும். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் சின்னவளாக இருந்தபோது பாதிப் பென்சிலைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்ததற்காக அடித்திருக்கிறேன். "கஷ்டம் தெரியணும்" என்று சொல்லித்தான் அடித்தேன். அது உண்மையில்லை, என் பழைய பயம்தான் அடித்தது.

இப்போது நான் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். தினமும் நூறு பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். வீட்டில் நிறைந்து கிடக்கும் பிள்ளை முட்டையைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவனுக்கு யோசிக்காமல் கொடுக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளை இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிடும். அந்தக் கை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் "நண்பனுக்குக் கொடு" என்று நான் சொல்வதில்லை. இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சில மாதம் போனால் அந்தக் கை தானாகத் தரைக்கு இறங்கும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகிறது என்று சொல்ல மாட்டேன்.

கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். குணம் வர வேண்டும் என்று பிள்ளைக்குச் செயற்கையாக ஒரு கஷ்டத்தைக் கட்டி வைக்காதீர்கள் என்கிறேன். கொடுங்கள். கொடுக்கிறவர் யார், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், அவர் கை எப்படி இருக்கிறது என்பதையும் அவன் கண்ணில் படும்படி வைத்திருங்கள்.

தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறான். போன ஆடிக்கு இருக்கன்குடியில் பார்த்தபோது, இத்தனை வருடம் கழித்து அந்த முட்டையைப் பற்றிப் பேச்செடுத்தேன். தொண்டை அடைத்துவிட்டது. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "முட்டையா? நான் கொண்டாந்தேனாக்கா?" என்றான். எவ்வளவு சொல்லியும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.