ஃபெர்பரைஸ் பண்றதுன்னா கதவ மூடிட்டு அழ விடறதா?

கேள்வி: பாப்பாவுக்கு 7 மாசம் டாக்டர், ராத்திரி நாலஞ்சு தடவ முழிச்சு அழறா, தூக்கி ஆட்டினாதான் தூங்கறா. "ஃபெர்பரைஸ் பண்ணு, கதவ மூடிட்டு வந்துடு, எவ்ளோ அழுதாலும் போகாத"ங்கறா ஃப்ரெண்ட். பண்ணலாமா?

பதில்: கதவ மூடிட்டு வர்ற வேலை வேணாம்மா. ரிச்சர்ட் ஃபெர்பர்னு பாஸ்டன்ல ஒரு குழந்தைகள் டாக்டர், 1985ல தூக்கத்த பத்தி அவர் எழுதின புக் அமெரிக்கால அவ்ளோ பரவி அவர் பேரையே வினைச்சொல்லா ஆக்கிட்டாங்க, ஆனா வாய்க்கு வாய் மாறினதுல அழ விடறது மட்டும்தான் மிஞ்சிச்சு. 2006ல திருத்தின பதிப்புல அப்படி கணக்கில்லாம அழ விடறதுக்கு எனக்கு உடன்பாடே இல்லன்னு அவரே எழுதியிருக்கார், இத யாரும் சொல்றதில்லங்கறதுதான் எனக்கு வருத்தம்.

ராத்திரி முழிக்கறது எல்லா குழந்தைக்கும் உள்ளதுதான். தோள்ல தூங்கின பாப்பா நடுராத்திரி கண்ண தொறந்தா தோள காணோம், அதான் அழுக. அதனால அவர் சொல்ற முறை இதான்: தூக்கம் சொக்கும்போதே, முழுசா தூங்கறதுக்கு முன்னாடி படுக்கையில விடுங்க. அழுதா முத நாள் 3 நிமிஷம் கழிச்சு போங்க, தட்டிக்குடுத்து ரெண்டு வார்த்த பேசிட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வந்துடுங்க, தூக்க வேணாம், அடுத்து 5, அப்பறம் 10, அதுக்கு மேல ஒவ்வொரு தடவையும் 10தான். மறுநாள் 5, 10, 12. சும்மா முனகினா போகாதீங்க, நீங்க போயே எழுப்பி விட்டுடுவீங்க. எல்லாரும் ஒரே ரூம்லதான் படுக்கறீங்கன்னா கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டே இத செய்யலாம்.

ஜுரம், சளி, காதுவலின்னு ஏதாவது இருந்தா இந்த முறைய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கும் நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பால நிறுத்தறது தனி விஷயம், எடை சரியா ஏறுதான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு மெதுவா குறைங்க.

இன்னொண்ணு, ஆட்டி தூங்க வைக்கறது உங்களுக்கு சிரமமா இல்லன்னா மாத்தணும்னு கட்டாயமே கிடையாது. ஆரம்பிச்சா மட்டும் வீட்ல எல்லாரும் பேசி வச்சுக்கோங்க, நீங்க ஒரு மணி நேரம் பொறுத்து பாட்டி வந்து தூக்கிட்டாங்கன்னா ஒரு மணி நேரம் அழுதா தூக்குவாங்கன்னுதான் பாப்பா கத்துக்கும்.