விரத நேரத்துப் பசியும் வயிற்றுத் தொல்லையும்: கேள்வி பதில்

16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் விரதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் மதியம் 12 வரை எதுவும் சாப்பிடுவதில்லை. காலை 9 மணிக்குப் பசி உயிர் போகிறது. சீரகத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. வேறு என்ன குடிக்கலாம்?

அடங்காது. சீரகம், இஞ்சி, சுக்கு, ஓமம் எல்லாமே நம் வீடுகளில் பசியைத் தூண்டக் கொடுப்பவை. சாப்பாடே இறங்காத பிள்ளைக்குப் பாட்டி இஞ்சிச் சாறு கொடுத்தது அதற்குத்தான். பசியை அடக்க அதையே குடித்தால் எப்படி?

தினமும் 9 மணிக்கு இட்லி சாப்பிட்டுப் பழகிய உடம்பு அந்த நேரத்துக்கு கிரெலின் என்ற பசி ஹார்மோனைச் சுரக்கும். சாப்பிடாவிட்டாலும் சிறிது நேரத்தில் அது தானாக இறங்கிவிடும். அதுவரை வெறும் வெந்நீர் போதும். எடுத்த எடுப்பில் 16 மணி நேரம் வேண்டாம். 12 மணி நேரத்தில் ஆரம்பித்து, சில நாளுக்கொரு முறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

முந்தைய ராத்திரித் தட்டையும் பாருங்கள். மூன்று தோசையும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் காலையில் பசிக்கத்தான் செய்யும். முட்டை, சுண்டல், கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் பொரியல் சேருங்கள். ஊறவைத்த வெந்தயம் ஒரு டீஸ்பூன் அந்தச் சாப்பாட்டோடு எடுத்தால், அதன் நார்ச்சத்து தண்ணீரில் கொழகொழவென்று உப்பி வயிறு நிறைந்த உணர்வைத் தரும்.

எனக்கு நேர்மாறு. 12 மணி ஆனாலும் பசியே இல்லை. தட்டைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது.

உங்களுக்குத்தான் இஞ்சி. கட்டைவிரல் நுனி அளவுத் துண்டைத் தோல் சீவி, இரண்டு கல் உப்போடு மென்றுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். இரண்டு வாரம் ஆகியும் பசி திரும்பாமல் எடையும் குறைந்துகொண்டே போனால் விரதத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

காலையில் எலுமிச்சை, தேன், வெந்நீர். பிறகு பால் சேர்க்காத காபி இரண்டு டம்ளர். இப்போது நெஞ்செரிச்சல். அதிமதுரம் நல்லது என்கிறார்கள், குடிக்கலாமா?

முதலில் காபியையும் எலுமிச்சையையும் வெறும் வயிற்றிலிருந்து எடுங்கள். எலுமிச்சையே புளிப்பு, காபி அமிலத்தைச் சுரக்க வைக்கும். தேன் விட்டாலே விரதமும் முறிந்துவிடும். காபியைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் படுக்காமல் இரண்டு, மூன்று மணி நேரம் விடுங்கள். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

மதியம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, சில நாள் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா அக்கா?

ஓமத் தண்ணீர் வாயுவைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பது இயல்பு. வெறும் வயிற்றில் ஒரே மூச்சாகச் சாம்பார், ரசம், வறுவல், அப்பளம் என்று ஏற்றினால் அந்த அசைவும் பலமாக இருக்கும்.

விரதம் முடிப்பதை நம் ஊரில் காலங்காலமாக ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ரமலானில் பேரீச்சம்பழம் கடித்து நோன்புக் கஞ்சி குடிக்கிறார்கள். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு எல்லாம் குழைய வெந்த கஞ்சி அது. ஏகாதசி இருப்பவர்கள் மறுநாள் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒரு கைப்பிடி நொய், அதில் பாதி பாசிப்பருப்பு, கால் டீஸ்பூன் வெந்தயம், தட்டிய பூண்டு இரண்டு பல், உப்பு. நிறையத் தண்ணீர் விட்டு, கரண்டியில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும் பதத்துக்கு வேகவிடுங்கள். ஒரு கிண்ணம் மெதுவாகக் குடித்து, அரை மணி கழித்து அளவான சாப்பாடு. எண்ணெய்ப் பலகாரமும் பிரியாணியும் முதல் வேளையில் வேண்டாம். இது ஒன்றைச் செய்தாலே பலருக்கு வேறு மருந்து தேவைப்படுவதில்லை.

சாப்பாட்டுக்குப் பின் நீர்மோர்: பெருங்காயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, வறுத்துப் பொடித்த சீரகம். பால் குடித்தால் மட்டும் உப்புகிறது என்றால் பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

11 மணிக்குத் தலைவலி, குமட்டல். அப்போது மோர் குடித்தால் விரதம் முறிந்து ஆட்டோஃபேஜி நின்றுவிடுமாமே?

கணக்குப்படி முறியும்தான். ஆனால் ஆட்டோஃபேஜிக்காக, அதாவது செல்கள் தங்கள் பழைய பாகங்களைத் தாங்களே சிதைத்து மறுபடி பயன்படுத்துவதற்காக, தலைவலியோடு உட்கார்ந்திருக்காதீர்கள். இதற்காக 2016இல் ஜப்பான் விஞ்ஞானி ஒசுமி நோபல் பரிசு வாங்கியது ஈஸ்ட் செல்களில் செய்த ஆராய்ச்சிக்கு. ஒரு டம்ளர் மோரில் என்ன நஷ்டம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் குறைய, சிறுநீரகம் உப்பை அதிகம் வெளியேற்றும். அதனால் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். பிரஷர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் உப்பு வேண்டாம், விரதத்தை முடித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு சுகர். மாத்திரையோடு வெந்தயத் தண்ணீரும் குடித்து விரதம் இருக்கிறார்.

விரதத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் குமட்டலும் பேதியும் தரும். கிளிமிபிரைட், இன்சுலின் என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், வெந்தயமும் தன் பங்குக்கு இறக்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தாலோ, சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். டாக்டர் மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்த பிறகுதான் விரதத்தை யோசிக்க வேண்டும்.

மேல் வயிற்றில் வலி. கைமருந்தில் எத்தனை நாள் பார்க்கலாம்?

விட்டுவிட்டு லேசாக வந்தால் ஒரு வாரம், அதுவும் விரதம் இல்லாமல். வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக எடை குறைப்பவர்களுக்கு அது வரும், ஸ்கேன் எடுங்கள். மூட்டுவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடுபவர் என்றால் புண் இருக்க வாய்ப்புண்டு. மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.