எல்லோரையும் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்

அண்ணாச்சி, திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றங்கரையிலுள்ள குறுக்குத்துறை படித்துறையைச் சுத்தம் செய்ய வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் ஏகப்பட்ட பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள், ஞாயிறு காலையில் நாலு பேர்தான் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாகக் கூப்பிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "ஆறரையிலிருந்து எட்டரை வரை, ஆற்றில் கிடக்கிற பழைய துணியை இழுத்துப் போடணும், வர முடியுமா?" என்று கேளுங்கள். ஊறின வேட்டி சேலை கல்லாய்க் கனக்கும். முட்டுவலிக்காரரை அதில் இறக்காமல் வருகைப் பதிவையும் சுக்குக்காப்பியையும் அவரிடம் விடுங்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களைப் பாருங்கள். அந்த மாணவர்களுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு உண்டு. பரீட்சை சமயத்தில் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம், கையுறை முக்கியம். முதல் நாளே கண்ணாடி குத்தினவர் மறுபடி எட்டிப் பார்க்கமாட்டார்.