ரூம் இல்லை என்றார்கள், பணமும் இல்லை என்கிறார்கள்

கேள்வி: நானும் என் கணவரும் ஈரோட்டில் இருக்கிறோம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு பேருமாக எங்கும் போனதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் திடீரென்று முடிவு செய்து, தெரிந்தவர் மூலம் ஒரு காரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வாடகை போக ஐயாயிரம் அட்வான்ஸ். மேட்டுப்பாளையம், கோத்தகிரி, குன்னூர் என்று சுற்றிவிட்டு இரவே திரும்புவதாகத்தான் எண்ணம். குன்னூரில் இருட்டோடு பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. மலை இறங்கப் பயந்து, ஊட்டியில் தங்கிவிடலாம் என்று ஒரு செயலியில் 2,400 ரூபாய் கட்டி அறை போட்டோம். எட்டரைக்குப் போய் நின்றால், “இந்த ரேட்டுக்கு ரூம் இல்லை, ஆப்பில் தப்பாகக் காட்டுது” என்றார் கவுன்டரில் இருந்தவர். ஒரு பையனை பைக்கில் முன்னால் அனுப்பி, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு காட்டேஜில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே 3,500 ரூபாய் ரொக்கமாக வாங்கினார்கள், ரசீது தரவில்லை. வெந்நீர் வரவில்லை, மெத்தை ஈரம். செயலிக்காரர்களைக் கேட்டால் “இது ரீஃபண்ட் இல்லாத புக்கிங்” என்கிறார்கள். காரைத் திருப்பிக் கொடுத்தபோது பம்பரில் கீறல் என்று அட்வான்ஸில் 3,000 பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் முன்பே இருந்ததா, நாங்கள் போட்டதா என்று எங்களுக்கே தெரியவில்லை. இதற்கெல்லாம் ஊட்டிக்குப் போய் வழக்குப் போட வேண்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஊட்டிக்குப் போக வேண்டாம் சகோதரி. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 1986ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு இதைக் கொடுத்தது. வெளியூரில் ஏமாந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஏமாற்றுகிறவர் நம்பியிருப்பதே, நீங்கள் மறுநாள் ஊருக்குப் போய்விடுவீர்கள், இதற்காகத் திரும்பி வரமாட்டீர்கள் என்பதைத்தான். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

“ரீஃபண்ட் இல்லாத புக்கிங்” என்ற பதிலைக் கேட்டு மனம் தளராதீர்கள். அந்த நிபந்தனை, நீங்கள் அறையை ரத்து செய்தால் பணம் வராது என்பதற்கு. நீங்கள் ரத்து செய்யவில்லை. பணம் கட்டி, சொன்ன இரவில் வாசலில் போய் நின்றீர்கள். அறை கொடுக்காதது அவர்கள். இதற்குப் பெயர் சேவைக் குறைபாடு. “ஓட்டல்காரர் செய்த தவறு, நாங்கள் வெறும் இடைத்தரகர்” என்று செயலி நிறுவனம் அடுத்து சொல்லும். அதைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இப்படி இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் செயலியின் அடியில் எங்காவது இருக்கும். அரட்டைப் பெட்டியில் பேசியது போதும், இன்றே அவருக்கு எழுதுங்கள்.

என்ன கேட்பது? 2,400இல் முடிய வேண்டிய இரவுக்கு 5,900 ஆகியிருக்கிறது. கட்டிய 2,400ஐயும், காட்டேஜுக்குக் கூடுதலாகக் கொடுத்த 1,100ஐயும் சேர்த்து 3,500 கேளுங்கள். அலைச்சலுக்கான இழப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள். ஒரு மாதத்தில் அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரிய நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் ஆணையம்.

ரசீது இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். ரசீது தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. அதையும் புகாரில் எழுதுங்கள். ரொக்கத்தை அன்றிரவு ஏடிஎம்மில் எடுத்திருந்தால் வங்கிக் கணக்கில் நேரமும் இடமும் பதிவாகியிருக்கும். காட்டேஜில் எடுத்த ஒரு படம், ஓட்டலுக்குப் போட்ட போன் அழைப்பு, அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய “வேற இடத்துல தங்கறோம்” என்ற ஒரு வரி, எல்லாமே சாட்சிதான். எதையும் அழித்துவிடாதீர்கள். நடந்ததை நேரம் போட்டு ஒரு தாளில் இப்போதே எழுதிவையுங்கள், ஆறு மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

கார் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தெரிந்தவர் மூலம் எடுத்த கார் என்கிறீர்கள். அதன் நம்பர் பிளேட் என்ன நிறம்? வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு விடக் கூடாதது. நாமே ஓட்டிப்போக முறைப்படி வாடகைக்கு விடும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த உபயோகத்துக்கான இன்ஷூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஆகியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்திருக்கும். கீறலுக்குப் போன மூவாயிரம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தப் பணத்தைக் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பலாம், கீறலைச் சரிசெய்த பில்லைக் காட்டச் சொல்லலாம். ஆனால் வண்டியை எடுத்தபோதைய படம் உங்களிடம் இல்லை. கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த முறை சாவியை வாங்கியதும், கொடுத்தவரையும் கூடவே நிற்கவைத்து, காரைச் சுற்றி வந்து ஒரு நிமிஷ வீடியோ எடுங்கள். பம்பர், கண்ணாடி, சக்கரத்தின் விளிம்பு, கிலோமீட்டர் அளவு எல்லாம் அதில் வர வேண்டும்.

அப்புறம் அந்த ஈர மெத்தை. சில வருஷம் முன்பு நானும் மனைவியும் இப்படித்தான் நினைத்த மாத்திரத்தில் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். இரவு குளிரில் முதலில் கண்ணில்பட்ட விடுதியில் பணத்தைக் கொடுத்த பிறகுதான் மரக்கட்டை தொங்கும் சாவியைக் கையில் தந்தார்கள். கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரைதான் என்று அப்போது சொன்னார்கள். ரூம் ஹீட்டருக்குத் தனிக் காசு. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் பையோடு காரில் இருப்போம், இன்னொருவர் சாவியை வாங்கி அறையைப் பார்த்துவருவோம். போர்வைக்கு அடியில் கையை விட்டு மெத்தையை அழுத்திப் பார்க்க வேண்டும். மலையில் குளிரும் ஈரமும் ஒன்றுபோலவே தெரியும், கையை இரண்டு நிமிஷம் வைத்திருந்தால் ஈரம் சில்லென்று அப்படியே நிற்கும், வெறும் குளிர் கைச்சூட்டில் அடங்கிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். களைப்பில் இதெல்லாம் பெரிய வேலையாகத் தோன்றும். ஆனால் பணம் கைமாறுவதற்கு முந்தைய அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பேச்சு நம் கையில் இருக்கிறது.

வாடகையோடு வரி சேர்த்துக் கேட்டால் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஐந்து சதவீதம்தான். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன விடுதி வரி என்று எதையும் வாங்க முடியாது. இன்னொன்று: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வந்த இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. அரசுத் தளத்தில் போனிலேயே எடுத்துவிடலாம். எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இனி எங்கும் கிளம்ப மாட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு சனிக்கிழமை அது. அந்த மூவாயிரமும் ஈர மெத்தையும் அதைக் கெடுக்க விடாதீர்கள்.

கேள்வி: குன்னூர் வழியாக வரும்போது வழியோரக் கடையில் தைலம், டீத்தூள், ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் வாங்கினோம். வீட்டுக்கு வந்தபின் கலப்படமோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தைலத்தை ஒரு சொட்டு வெள்ளைத்தாளில் விட்டுக் காயவையுங்கள். சுத்தமான நீலகிரித் தைலம் ஆவியாகிப் போய்விடும். பஜ்ஜி எண்ணெய் பட்டதுபோலத் தாளில் கறை நின்றால் ஏதோ எண்ணெய் கலந்திருக்கிறது. டர்பன்டைன் போன்றவையும் ஆவியாகிவிடும் என்பதால், கறை இல்லை என்பதை மட்டும் வைத்து நல்ல தைலம் என்று முடிவுகட்ட முடியாது. தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லாத பாட்டிலை வாங்காமல் இருப்பதே நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும், தைலம் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

டீத்தூளை வடிதாளில் பரப்பித் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு தூளைக் கழுவிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். அடர்ந்த கறை அங்கங்கே திட்டாக இருந்தால் சாயம் ஏற்றிய தூள். இந்தச் சந்தேகமே வேண்டாம் என்றால் அரசின் டான்டீ கடையில் வாங்குங்கள். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவான தோட்டங்களின் தேயிலை அது. நான் அங்கேதான் வாங்குகிறேன்.

சாக்லேட்டில் கலப்படம் என்று சொல்ல மாட்டேன், பெயரில்தான் ஏமாற்றம். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் கட்டிகளை உருக்கி அச்சில் ஊற்றினாலும் “ஹோம்மேட்” என்றுதான் விற்கிறார்கள். கோகோ வெண்ணெய் உடல் சூட்டிலேயே உருகும். வாயில் வைத்தால் வழுக்கிக் கரையும். மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டினால் அது காம்பவுண்ட்.

கேள்வி: ஏற்காட்டில் சாலையோரக் கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 25 வாங்கினார்கள். சாப்பிட்ட ஓட்டலில் அதே பாட்டில் 40, அதோடு சர்வீஸ் சார்ஜ் வேறு. இரண்டும் தவறுதானே?
– புதுமணத் தம்பதி, திருநெல்வேலி

பதில்: கடைக்காரர் செய்தது தவறு. “மலை மேல ஏத்திட்டு வர்ற செலவு” என்பார்கள், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்க அது காரணமாகாது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது கொடுக்கும் பாட்டிலுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அங்கே நீங்கள் இடத்துக்கும் பரிமாறுவதற்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். குடிக்கச் சாதாரணத் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை போட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் போட்டுத் தரும்படி மேசையிலேயே சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் பணத்தைக் கட்டிவிட்டு, பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915க்குப் பேசுங்கள்.